விரலுக்கு வேலை

ஆறாம் வார்டு,
ஜனவரி 9

பாப்பா அப்பாவுக்கு,

பட்டாணியும் நானும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். இரண்டு நாள் ரயிலில் என் முதுகுதான் கழன்று போனது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, டீயிலேயே வயிற்றை நிரப்புகிறீர்களா? பதிலில் முதலில் அதை எழுதவும்.

வார்டில் ஆறு கட்டில். எங்களுக்கு ஜன்னல் பக்கம் கிடைத்திருக்கிறது. பெரிய டாக்டர் நேற்று வந்து பட்டாணியின் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஐந்து வயசுக் கை அவர் கைக்குள் காணாமலே போய்விட்டது. "காய்ச்சல் போயிடுச்சும்மா. போறப்ப நரம்பைத் தொட்டுட்டுப் போயிருக்கு. மருந்து நாங்க பாத்துக்கறோம், விரலுக்கு வேலை நீங்க கொடுங்க. மடிக்கிறது, கோக்கிறது, முறுக்கிறது, இப்படிக் குழந்தை தானே செஞ்சு விளையாடுற சின்னப் பொம்மையா இருந்தா நல்லது" என்றார். செய்தால் கை பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டேன். "செய்ங்க, பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' இன்னும் காதிலேயே நிற்கிறது.

பொம்மை செய்வது உங்கள் இலாகா. எனக்குக் கிழிந்ததைத் தைக்கத் தெரியும், அவ்வளவுதான். என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதுங்கள்.

போன் மட்டும் வேண்டாம். நேற்று உங்கள் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பித்தவள் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. ஊசி போடக் கையையே நீட்டவில்லை. சிஸ்டர் என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். கடிதமாக எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஸ்டேஷனில் சொன்னீர்களே, அந்தப் பேச்சே வேண்டாம். உங்கள் கம்பெனிச் சீட்டைக் காட்டித்தான் இந்தக் கட்டிலே கிடைத்தது. அது இல்லையென்றால் மறுநாளே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். லீவு முழுக்கக் காய்ச்சலுக்கே தீர்ந்துபோனதும் எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் அங்கே இருங்கள், நாங்கள் இங்கே இருக்கிறோம்.

வீட்டுச் சாவியை எங்கேயும் மறந்து வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா


பட்டறை,
ஜனவரி 15

பட்டாணி அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்டதால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். என்ன சாப்பிடுகிறேன் என்று மட்டும் கேட்காதே. உன் முதுகு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அங்கே வசதி உண்டா?

'விரலுக்கு வேலை' என்று டாக்டர் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பதினைந்து வருஷமாக லேத்தில் நான் பார்க்கிற பிழைப்பே அதுதானே. மருந்து என்றால் எனக்கு ஒன்றும் புரியாது, வேலை என்றால் புரியும். எந்த வேலையையும் சுலபமானதிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகக் கஷ்டமாக்க வேண்டும். அப்படியே போவோம். வாரம் ஒன்று இல்லாவிட்டாலும் கடிதத்துக்கு ஒன்று நிச்சயம்.

முதலில் பாம்பு. இத்துடன் இரண்டு காகிதப் பட்டை இருக்கிறது, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். இரண்டின் நுனியையும் குறுக்காக வைத்து ஒட்டிக்கொடு. அந்த ஒரு காரியம்தான் உனக்கு. பிறகு அடியில் இருக்கும் பட்டையை மேலே மடிக்க வேண்டும், அடுத்ததை அதன்மேல் மடிக்க வேண்டும், நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள் என்று கடைசிவரை. முடித்துவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பாம்பு நெளியும். நானே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பாம்பைப் பார்த்து மீசை, "என்னப்பா, ஸ்பிரிங்கு காகிதத்துல பண்ற அளவுக்குக் கம்பெனி வந்துடுச்சா?" என்றார். பக்கத்து லேத்துக்காரர் மீசைதான், உனக்குத் தெரியுமே.

நீ உதவி செய்யக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள். உன்னால் அது முடியாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பட்டாணிக்கு நெற்றியில் ஒரு முத்தம் கொடு.

அன்புடன்,
அவள் அப்பா


ஆறாம் வார்டு,
ஜனவரி 27

பாப்பா அப்பாவுக்கு,

என் முதுகு தேவலை. வெந்நீர் கிடைக்கிறது, கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பாம்பு முடிந்தது! காலைச் சாப்பாட்டு வண்டி போனதும் உட்கார்ந்தவள், மத்தியானச் சாப்பாட்டு வண்டி வரும்போதுதான் நிமிர்ந்தாள். இடது கையால் பட்டையை அழுத்திக்கொண்டு வலது கையால் மடித்தாள். மடிப்பு நிற்கவில்லை, மோவாயை வைத்து அழுத்தினாள். நீங்கள் சொன்னபடி நான் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை. பிள்ளை பெற்றதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

இழுத்ததும் பாம்பு நெளிந்தது. கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அதற்கு ஃபோர்மேன் என்று பேர் வைத்திருக்கிறாள். வீட்டில் நீங்கள் பேசுவதையெல்லாம் இந்த வாண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இனிமேலாவது வாயை அடக்குங்கள்.

வலது கை மோதிர விரல் மட்டும் மடங்கவில்லை. கை வேலை சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா வருகிறார், பட்டாணி அவருக்கு விரல் டீச்சர் என்று பேர் வைத்துவிட்டாள். அவரும் அந்த விரலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்தது என்ன என்று தினமும் கேட்கிறாள். சீக்கிரம் எழுதுங்கள். சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைக்கிறீர்களா?

இப்படிக்கு,
பட்டாணி அம்மா


பட்டறை,
பிப்ரவரி 5

பட்டாணி அம்மாவுக்கு,

காலர் வெள்ளையாக இருக்கிறது, உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், ஃபோர்மேன் சமாசாரத்தை மட்டும் விழுங்கிவிட்டு. மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்றார்.

இந்தத் தடவை விர்ரென்று சுற்றும் பொத்தான். என் பழைய கோட்டிலிருந்து பெரிய பொத்தானாகப் பார்த்துப் பிய்த்து அனுப்பியிருக்கிறேன், கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. நூலை ஒரு ஓட்டையில் விட்டு அடுத்த ஓட்டை வழியாக எடுத்து இரண்டு நுனியையும் முடிச்சுப் போட வேண்டும். பொத்தானை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் நூலை மாட்டிச் சுழற்றி முறுக்கேற்றி இழுத்தால் சுற்றும். கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்தால் திரும்பிச் சுற்றும். ஓட்டையில் கோப்பதும் முடிச்சும்தான் விரலுக்கு வேலை. முடிச்சையும் அவளே போடட்டும்.

இன்னொன்று. எவ்வளவு நேரத்தில் முடித்தாள் என்று கடிகாரம் பார்த்து எழுது. என் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பாம்புக்கு ஐந்து மணி நேரம் என்று எழுதியாயிற்று. நேரம் குறையக் குறையக் கோடு கீழே இறங்கும். இறங்குவதை நான் இங்கிருந்தே பார்ப்பேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்.

ஒருநாள் விளையாடியதும் பொத்தானை எனக்கு அனுப்பிவிடு. மெஷின் விளக்கில் தொங்கவிட வேண்டும்.

முதுகைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பட்டாணி அப்பா


ஆறாம் வார்டு,
பிப்ரவரி 20

பாப்பா அப்பாவுக்கு,

கோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து நேரில் சொல்கிறேன். மழைக்காலத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

இங்கே சாப்பாட்டு வண்டியின் சக்கரம் ஒன்று போடும் சத்தம் காதைக் கிழிக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேற்று நானே தலைக்கு வைக்கும் எண்ணெயை எடுத்துப்போய் ஊற்றிவிட்டேன். இப்போது வண்டி வருவதே தெரிவதில்லை. வண்டிக்காரர், "ஏம்மா, நான் வர்றது யாருக்கும் தெரியமாட்டேங்குதே, எல்லாரும் தூங்கிடறாங்களே" என்று சண்டைக்கு வருகிறார். நல்லது செய்யப் போனால் இப்படித்தான். எதிர்க் கட்டில் குழந்தைக்குச் சரியாகி வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது அதன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். போகிறவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ கட்டடம் கட்டுகிறார்கள், பட்டாணிக்கு நாள் முழுக்க அதுதான் சினிமா.

பொத்தான் முடிந்தது. நாற்பது நிமிஷம். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா


பட்டறை,
மார்ச் 2

பட்டாணி அம்மாவுக்கு,

நீயும் பட்டாணியும் நலமாக இருப்பீர்கள். இருக்க வேண்டும். எனக்கு லேசாக இருமல் இருந்தது, போய்விட்டது.

நாற்பது நிமிஷமா! ஐந்து மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் கோட்டை இழுத்தபோது சாக்பீஸ் உடைந்து போனது. மீசை வெளியே போய் மிட்டாய் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஃபோர்மேன்கூட வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "இந்த வேகத்துல நீயும் வேலை பாத்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

பொத்தானை விளக்கில் தொங்கவிட்டிருக்கிறேன். முடிச்சு கெட்டியாக விழுந்திருக்கிறது.

இப்போது வண்டி. பிளாஸ்திரி சுற்றி வரும் சின்ன உருளை ஒன்றை சிஸ்டரிடம் கேட்டு வாங்கு. அதன் ஓட்டை வழியாக ரப்பர் பேண்டை நுழைத்து, ஒரு பக்கம் தீக்குச்சித் துண்டை மாட்டி அது சுற்றாதபடி பிளாஸ்திரியால் ஒட்ட வேண்டும். மறுபக்கம் நான் அனுப்பியிருக்கும் மெழுகு வில்லையைக் கோத்து, அதன்மேல் நீளக் குச்சியை மாட்ட வேண்டும். குச்சியை இருபது சுற்று முறுக்கித் தரையில் விட்டால் வண்டி தானாக நகரும். தலையணையைக்கூட ஏறித் தாண்டும். முறுக்குவது விரலுக்கு நல்ல வேலை. பாம்பைவிட இது மூன்று மடங்கு கஷ்டம், ஆனால் நாற்பது நிமிஷக்காரிக்கு இது எம்மாத்திரம்.

நேரம் எழுத மறக்காதே.

அன்புடன்,
பட்டாணி அப்பா


ஆறாம் வார்டு,
மார்ச் 17

பாப்பா அப்பாவுக்கு,

இருமலுக்கு மருந்து சாப்பிட்டீர்களா, தானாகப் போகட்டும் என்று விட்டீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

கடிதம் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். அவளுக்குப் பல் தேய்த்து, தலை வாரி, மூன்று வேளையும் ஊட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. டாக்டர் புது மருந்து ஆரம்பித்திருக்கிறார். எதற்குப் புதுசு என்று கேட்டேன். "மாத்திப் பாப்போம்" என்றார்.

வெளியே அந்தக் கட்டடம் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. பட்டாணி அங்கே வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறாள்.

வண்டி ஓடுகிறது. தலையணை ஏறியது. இருபத்தைந்து நிமிஷம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா


பட்டறை,
மார்ச் 26

பட்டாணி அம்மாவுக்கு,

மருந்து சாப்பிட்டேன், இருமல் போயே போய்விட்டது. உன் எழுத்துக் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கிறது. தூங்குகிறாயா?

இருபத்தைந்து நிமிஷக் கோட்டைப் போட்டுவிட்டேன். இனிச் சுவரில் இறங்க இடமில்லை.

ஒரு சமாசாரம். நீ இருக்கும் ஊரில் கம்பெனிக்கு ஒரு கிளை திறந்திருக்கிறார்கள். லேத்துக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று இந்த மாத நடுவில் கேட்டார்கள். ஃபோர்மேன் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "உன் பொண்ணு அங்கதானே இருக்கு, போறியா?" என்றார். பத்து நாள் யோசிக்கச் சொன்னார். உனக்கு எழுதிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மீசைக்கு மாமனார் வீடு அந்த ஊர்தான். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் என் லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உன் இருபத்தைந்து நிமிஷம் வந்து சேர்ந்த அன்றைக்கு ஃபோர்மேனிடம் போய், "என் பொண்ணு ரெண்டு மாசத்துல வீட்டுக்கே வந்துடுவா சார், நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன், மீசையை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். மீசை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வருகிற வாரம் குடும்பத்தோடு கிளம்புகிறார்.

சரிதானே நான் செய்தது? வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டாணியின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது.

இத்துடன் அட்டைக் கரடி. முதுகில் இரண்டு குழாய்த் துண்டை ஒட்டி, இரண்டிலும் நூலை விட்டு, மேலே ஆணியில் மாட்டி, வலது இடதாக மாற்றி மாற்றி இழுத்தால் ஏறும். இரண்டு கைக்கும் வேலை.

பதிலை எதிர்பார்க்கும்,
பட்டாணி அப்பா


பட்டறை,
ஏப்ரல் 14

பட்டாணி அம்மாவுக்கு,

சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபாலில் தொலைந்து போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு உனக்குக் கோபமோ என்று நினைத்தேன். மாற்றல் விஷயத்தை உன்னைக் கேட்காமல் முடிவு பண்ணியது தப்புதான், திட்டி நாலு பக்கம் எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

கரடி ஏறியதா, ஏறவில்லையா? சுவருக்கு என்ன நிறம்?

ஒரு வரியாவது எழுது.

பட்டாணி அப்பா


ஆறாம் வார்டு,
ஏப்ரல் 19

பாப்பா அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கரடி ஏறவில்லை. வண்டியை நான் செய்தேன். பொத்தானையும் நான்தான் செய்தேன். பட்டாணி செய்தது பாம்பு ஒன்றுதான்.

பொத்தான் வந்த அன்றைக்கு அவள் முயற்சி செய்யாமல் இல்லை. நூலைப் பிடித்தாள், விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், விழுந்தது. பதினொரு தடவை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "கை தூங்குதும்மா, எழுப்பாத" என்றாள். நான் கோத்தேன். "இன்னும் உள்ள விடு, அந்தப் பக்கமா எடு" என்று அவள் வேலை ஏவினாள், அவள் மேஸ்திரி, நான் சித்தாள். சுற்றியதும் கைதட்டப் பார்த்தாள். இரண்டு கையும் ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சாக்பீஸை வைத்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் வந்தது. நாற்பது நிமிஷம் என்று எழுதினேன். அது நான் செய்த நேரம், அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை அவள் செய்துவிடுவாள், அப்போது கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். நீங்களோ அதைவிடக் கஷ்டமானதை அனுப்பினீர்கள். ஒரு பொய்க்கு இன்னொன்று என்று ஆகிவிட்டது.

இப்போது இடது கை அசைவதே இல்லை. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் கொஞ்சம் நகரும். டாக்டர் சரியாகும் என்றும் சொல்வதில்லை, ஆகாது என்றும் சொல்வதில்லை. விரல் டீச்சர் முன்பெல்லாம் குறித்துக்கொண்டு போவார், இப்போது தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

மாற்றல் பற்றிய உங்கள் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வாசல் வழியாக வந்திருப்பீர்கள். தினமும் வந்திருப்பீர்கள். அதை நான்தான் என் கையால் எழுதிக் கெடுத்தேன். மூன்று வாரமாகப் பேனாவைத் தொடப் பயமாக இருந்தது.

என்னைத் திட்டுங்கள். ஆனால் அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று ஃபோர்மேனிடம் ஒரு தடவை கேளுங்கள். காலில் விழச் சொன்னால் விழுங்கள்.

பட்டாணி அம்மா


பட்டறை,
ஏப்ரல் 29

பட்டாணி அம்மாவுக்கு,

முதலில் நீ சாப்பிடு. இதைப் படிப்பதற்கு முன்னால் சாப்பிடு.

ஃபோர்மேனிடம் கேட்டேன். மீசை போய் மூன்று வாரமாகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஒரு நாளும் யாரையும் உட்காரவைத்துப் பேசாத ஃபோர்மேன் என்னை உட்காரச் சொன்னார். "அடுத்த இடம் வந்தா உனக்குத்தான்" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். கையை விரித்தார். மூன்று நாள் லீவு தருகிறேன் என்றார். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மூன்று நாளை வைத்துக்கொண்டு நான் எந்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்புவது?

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ இடக்கைக்காரி. உன் முடிச்சு எல்லோரும் போடும் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக விழும். ஏழு வருஷம் தினமும் மத்தியானம் என் சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சுற்றி நீ கட்டிக்கொடுத்த துணியை அவிழ்த்தவன் நான். கல்யாணமான புதிதில் அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் இழுத்தேன், மீசை விழுந்து விழுந்து சிரித்தார். அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? உறையைப் பிரித்துப் பொத்தானை எடுத்த நிமிஷமே பார்த்துவிட்டேன். பட்டாணி வலக்கைக்காரி. அது அவள் போட்டது இல்லை.

பார்த்துவிட்டு, கெட்டியாக விழுந்திருக்கிறது என்று உனக்கு எழுதினேன். முடிச்சை மட்டும் நீ போட்டிருப்பாய், மற்றதெல்லாம் அவள் செய்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நீ ஊட்டுகிறேன் என்று எழுதிய வரியையும் படித்தேன். படித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டபோது, போகிறேன் என்று சொன்னால் அவள் குணமாகவில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பயம்தான். மீசைக்கு விட்டுக்கொடுத்தது பெருந்தன்மை இல்லை, வெறும் பயம். நீ ஒரு பொய் எழுதினாய். நான் அதைப் பொய் என்று தெரிந்தே தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன். ஆகவே, நீ கெடுத்தாய் என்று இனி எழுதாதே.

சுவரைக் கழுவிவிட்டேன்.

பதினைந்து வருஷமாக அளவு தப்பாமல் வேலை பார்க்கும் கை என்னுடையது. அதை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக யோசித்து, கை வேண்டாத ஒரு பொம்மையை அனுப்பியிருக்கிறேன். இந்த ஆறு சின்னக் காகிதமும் குதிரை. நடுவில் மடித்திருக்கிறேன், கூடாரம் மாதிரி நிற்கும். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திப் பின்னாலிருந்து ஊதினால் ஓடும். நீயும் ஒரு குதிரையை வைத்துக்கொண்டு ஊது. நேரம் பார்க்க வேண்டாம். யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் எழுது.

இனி ஒன்றையும் மறைக்காதே. நானும் மறைக்கமாட்டேன்.

அன்புடன்,
பட்டாணி அப்பா


ஆறாம் வார்டு,
மே 12

பாப்பா அப்பாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன். ஏழு வருஷமாக அந்தத் துணியை நான் எதிர்ப்பக்கமாகக் கட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். உங்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. என் மேலும் இப்போது அவ்வளவாக இல்லை. இரண்டு பேருக்கும் அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனதுதான் தப்பு என்றால், என்ன செய்வது.

மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் நகர்கிறது. மருந்தை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். முகமும் பேச்சும் பழையபடி இருக்கின்றன, வாய் இன்னும் கூடியிருக்கிறது.

குதிரைப் பந்தயம் நேற்று நடந்தது. ஒன்பது தடவை ஓடினோம், எட்டுத் தடவை அவள் ஜெயித்தாள். ஒரு தடவைகூட நான் விட்டுக்கொடுக்கவில்லை, உங்கள் மேல் ஆணை. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே மூச்சில் அனுப்பிவிடுகிறாள். விரல் டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவரையும் தோற்கடித்தாள். சாப்பாட்டு வண்டிக்காரர் ஊதியதில் குதிரை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது, அந்த ஆளுக்கு அவ்வளவு மூச்சு. வார்டே சிரித்தது. பாம்புக்குப் பிறகு அவள் தானாக விளையாடியது இதுதான்.

பந்தயம் முடிந்ததும், "அப்பாவுக்கு நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று கட்டளை. எழுதினேன். பிறகு இதை அனுப்புவதா கிழிப்பதா என்று காலையிலிருந்து யோசித்தேன். உங்களால் முடியாததைக் கேட்கிறாள். ஆனால் மறைப்பதில்லை என்று நாம் பேசி வைத்திருக்கிறோம், அதனால் கிழிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னது கீழே.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா

"அப்பா, நான் பட்டாணி பேசறேன். நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? குதிரை நல்லா ஓடுது. அம்மா தோத்துட்டா. அந்தப் பொத்தான் நான் பண்ணல, வண்டியும் நான் பண்ணல, அம்மாதான் பண்ணா, அம்மாவைத் திட்டாதீங்க. இனிமே பொம்மை அனுப்ப வேணாம். பாம்பு இருக்கு, வண்டி இருக்கு, கரடி இருக்கு, குதிரை அஞ்சு இருக்கு. பொம்மை இங்க நிறைய இருக்கு. அப்பாதான் ஒண்ணுகூட இல்ல."